வடக்கே கிளம்பும் வாத்துகள்: கரைவெட்டியா, வடுவூரா, கோடியக்கரையா?

மாசி பிறந்துவிட்டால் டெல்டாவில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி வரும். ஊர் திரும்பும் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் போவதைப் பார்க்க எங்கே போகலாம்? ஒரு சனி, ஞாயிறுதான் கையில் இருக்கிறது என்றால், யோசிக்கவே வேண்டாம், கரைவெட்டி ஏரிக்குப் போங்கள்.

காரணம் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், மஞ்சள் அலகு, மஞ்சள் கால். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி நம் ஏரிக்கு வருகிறது. கருவி பொருத்திக் கவனித்தபோது 7,290 மீட்டர் உயரத்தில்கூடப் பறந்திருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்திலும் பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும் ரத்தம் அதற்கு. அப்படிப்பட்ட பறவை திருமானூர்ப் பக்கத்து வயலில் மேய்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கரைவெட்டி ஏரி. சுமார் 450 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. 2024-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதன்பிறகு ஏரி மெல்ல வற்றி, ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும். சம்பா அறுவடையும் அதே சமயத்தில் முடிந்திருக்கும். பகலில் ஏரியில் ஓய்வு, பொழுது சாய்ந்தால் வயலில் மேய்ச்சல் என்று வாத்துக்கு இரண்டும் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. சூரியன் இறங்கும் நேரத்தில் ஏரிக்கரையில் நின்றால், முதலில் சத்தம் கேட்கும், பிறகுதான் வரிசை கண்ணில் படும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாலையில் நீங்கள் பார்க்கும் வரிசையெல்லாம் இமயத்துக்குக் கிளம்பியதல்ல. பெரும்பாலும் மேய்ச்சலுக்குப் போகும் கூட்டம்தான், தாழப் பறந்து கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடும். நல்ல உயரம் எடுத்து, வட்டமடிக்காமல், வடக்கு திசை மாறாமல் கண்ணுக்கு எட்டும் வரை போனால் அது புறப்பாடாக இருக்கலாம். இரவிலும் கிளம்பும் என்பதால், இருட்டிய பிறகும் கொஞ்சம் காது கொடுத்து நில்லுங்கள்.

வடுவூர் போவது சுலபம். தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே ஏரி, பஸ்ஸை விட்டு இறங்கினால் கரை. வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போக இதுதான் வசதி. அரிவாள்மூக்கன், நீர்க்காகம், ஊசிவால் வாத்து எல்லாம் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் ஏரி கரைவெட்டியில் கால் பங்குதான், வரித்தலை வாத்தை நம்பிப் போகிற இடமும் இல்லை.

கோடியக்கரையை இந்த இரண்டோடும் ஒப்பிடுவதே சரியில்லை என்று தோன்றுகிறது. அது கடலோரம். சேற்றுவெளி, உப்பளம், பூநாரை, உள்ளான் போன்ற கரைப்பறவைகள். பறவையியலாளர் சலீம் அலியின் முயற்சியில் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த இடம், 2002-லேயே தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் ஆனது. பங்குனியில் வடக்கே கிளம்பும் கரைப்பறவைகளைப் பார்க்க டெல்டாவில் அதற்கு இணை கிடையாது. வாத்து வரிசைக்காக வேதாரண்யம் வரை போகாதீர்கள், உள்ளானுக்காகத் தனியாக இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

கரைவெட்டிக்கு மாசி நடுவிலேயே போய்விடுங்கள், பங்குனி வரை தள்ளிப்போட வேண்டாம். பைனாகுலர் கட்டாயம். அறுத்த வயல்தானே என்று உள்ளே இறங்காதீர்கள், அதில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். வரப்பிலிருந்து பார்த்தாலே போதும், வாத்தும் மிரளாது.