ஆபீஸ்ல குரூப் மெயில் ஐடி: சில வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

எங்களோடது பெங்களூர் பீன்யால மெஷின் பார்ட்ஸ் பண்ற சின்ன கம்பெனி. மெயில் எல்லாம் கம்பெனிகளுக்கான ஜிமெயில் சர்வீஸான கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல ஓடுது, அட்மின் வேலையோட சேர்த்து ஐடி கிரியேட் பண்றது, பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்கு மாத்திக் குடுக்கறது, குரூப்ல ஆள் சேக்கறது எடுக்கறது எல்லாம் நான்தான் பாக்கறேன். சேல்ஸ், பர்ச்சேஸ், டிஸ்பாட்ச், சர்வீஸ், அக்கவுண்ட்ஸ், அப்புறம் எல்லாருக்கும் போற ஆல் ஸ்டாஃப், இதுக்கெல்லாம் குரூப் ஐடி, அதாவது ஒரே அட்ரஸுக்கு மெயில் அனுப்பினா அதுல இருக்கற எல்லாருக்கும் போற ஐடி, போட்டு ரொம்ப நாளா ஓட்டிட்டு இருக்கோம். நல்லா வேலை செய்யுது, ஆனா குரூப் போடறது அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கப்புறம் அத யார் பாத்துக்கறாங்கன்றதுல தான் எல்லாமே இருக்கு, அதத்தான் விவரமா எழுதறேன்.

முதல்ல ஏன் வேணும்னு. இந்த ஊர்ல பசங்க ஒரு கம்பெனில நின்னு வேலை பாக்கறது கம்மி, நல்ல ஆஃபர் வந்தா எலக்ட்ரானிக் சிட்டி பக்கமோ ஒயிட்ஃபீல்ட் பக்கமோ போயிடுவாங்க, அது அவங்க உரிமை, ஆனா கஸ்டமர் அந்தப் பையன் பேர்ல இருக்கற ஐடிக்கே என்கொயரி அனுப்பிட்டு இருப்பாரு. சேல்ஸ்னு பொதுவா ஒரு ஐடி இருந்துட்டா ஆள் மாறினாலும் மெயில் வர்ற இடம் மாறாது. இது ஒண்ணும் புது யோசனை இல்ல, 1997லயே ஆர்எஃப்சி 2142னு ஒரு இன்டர்நெட் ஸ்டாண்டர்டு டாக்குமெண்ட்ல இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட், அப்யூஸ், போஸ்ட்மாஸ்டர்னு எந்த வேலைக்கு எந்தப் பேர்ல ஐடி வைக்கலாம்னு எழுதி வச்சிருக்காங்க. குரூப் ஐடிக்கு தனியா லைசென்ஸ் காசும் கிடையாது, யூசர் ஐடிக்கு மட்டும் தான் தலைக்கு இவ்வளவுனு கட்டறோம், சின்ன கம்பெனிக்கு இது பெரிய விஷயம். பேர் வைக்கறப்ப வேலையோட பேரை வைங்க, ஆளோட பேரோ பில்டிங் பேரோ வேண்டாம், விசிட்டிங் கார்டுலயும் இன்வாய்ஸ்லயும் அச்சடிச்சப்புறம் மாத்த முடியாது.

இப்ப செட்டிங்ஸ். ஆரம்பத்துல ஒரு வெண்டர் தான் செட்டப் பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு. உள்ளுக்குள்ள அனுப்பிப் பாத்தோம், வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த வாரமே ஓசூர்ல இருந்து ஒரு கஸ்டமர், அங்க பர்ச்சேஸ் பாக்கற அண்ணன், போன் பண்ணாரு. "என்னம்மா, உங்க சேல்ஸ் ஐடிக்கு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பினா திரும்பித் திரும்பி வருது, ஐடி மாத்திட்டீங்களா?" "இல்லண்ணா, அதே ஐடி தான், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க"னு சொல்லிட்டு உள்ள போய் பாத்தா, குரூப்புக்கு யார் மெயில் அனுப்பலாம்ங்கற இடத்துல கம்பெனி ஆளுங்க மட்டும்னு இருக்கு. வெளி ஆள் அனுப்பினா பவுன்ஸ் தான். அந்த ஒரு குரூப்ல மாத்தினா மட்டும் பத்தாது, அட்மின் கன்சோல்ல, அதாவது மொத்த கம்பெனிக்கும் செட்டிங் பண்ற பக்கத்துல, வெளியில இருந்து குரூப்புக்கு மெயில் வர அனுமதிக்கலாமான்னு மேல ஒரு செட்டிங் இருக்கு, அதையும் திறந்திருக்கணும். அவுட்லுக் பக்கம் மைக்ரோசாஃப்ட் 365லயும் இதே கதை தான், டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட் (குரூப் ஐடிக்கு அங்க அந்தப் பேர்) புதுசா போட்டா உள்ள இருக்கறவங்க மட்டும் அனுப்பற மாதிரி தான் வரும், நாமதான் திறந்து விடணும். அதனால குரூப் போட்ட உடனே உங்க சொந்த ஜிமெயில்ல இருந்து, போன்லயே, ஒரு டெஸ்ட் மெயில் போட்டுப் பாருங்க, உள்ளுக்குள்ள டெஸ்ட் பண்றது டெஸ்ட்டே இல்ல.

ஆனா எல்லாத்தையும் திறந்து விடக்கூடாது. சேல்ஸ், சர்வீஸ் இதுக்கு திறக்கணும், ஆல் ஸ்டாஃப் மாதிரி குரூப்புக்கு கண்டிப்பா பூட்டு போடணும். எம்டி சார் பேர்ல எவனாவது ஃபேக் மெயில் அனுப்பினா ஒரே அட்ரஸ்ல மொத்த கம்பெனிக்கும் போய் சேந்துடும்.

திறந்து விட்ட குரூப்ல இன்னொரு தலைவலி ஸ்பேம். சந்தேகப்படற மெயிலை குரூப் தனியா பென்டிங்ல நிறுத்தி வைக்கும், யாராவது உள்ள போய் ஓகே பண்ணாத்தான் மெம்பர்ஸுக்கு போகும். அந்தப் பென்டிங்ல நல்ல மெயிலும் மாட்டும், முக்கியமா முதல் தடவை எழுதற கஸ்டமர், அதுவும் பெரிய டிராயிங் ஃபைல் லிங்க்கோட வந்தா. அப்படி ஓகே பண்ற மாடரேட்டருக்கு நோட்டிஃபிகேஷன் போற ஆப்ஷனை ஆன்ல வைங்க, அதோட ஒரு ஆள் தினமும் காலைல ஒரு தடவை பாத்துடணும், எங்க ஆபீஸ்ல அத காபிக்கு முன்னாடி வேலையா வச்சிருக்கோம்.

அக்கவுண்ட்ஸ் சார் ஒருத்தர் மாசக்கணக்கா கேட்டுட்டே இருந்தாரு, "நான் குரூப்புக்கு அனுப்பினது எனக்கே வரலையேம்மா, போச்சா இல்லையா?"ன்னு. ஜிமெயில்ல நாம மெம்பரா இருக்கற குரூப்புக்கு நாமளே அனுப்பினா அது இன்பாக்ஸ்ல ரெண்டாவது தடவை வராது, சென்ட்ல மட்டும் தான் இருக்கும். இத முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிடுங்க, இல்லாட்டி ஒரே மெயிலை மூணு தடவை அனுப்புவாங்க.

அப்புறம் அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துல 'வயா சேல்ஸ்'னு, அதாவது சேல்ஸ் குரூப் வழியான்னு, வர்றது. நிறைய பேர் இத ஃபிராடுனு நினைச்சு பயந்துடறாங்க. விஷயம் என்னன்னா, டிமார்க்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, எங்க டொமைன் (ஐடில @க்கு அப்புறம் வர்ற பேர்) பேர்ல வந்து, நிஜமா எங்க கிட்ட இருந்து தான் வந்துச்சான்னு பாக்கற செக்ல ஃபெயில் ஆகற மெயிலை ஏத்துக்காதேன்னு டொமைன் ஓனர் ரூல் போட்டு வைக்கலாம். குரூப் மெயிலை வாங்கி மறுபடி அனுப்பறப்ப அந்த செக் உடைய வாய்ப்பு இருக்கு, அதனால ஸ்ட்ரிக்ட்டா ரூல் போட்ட டொமைன்ல இருந்து வர்ற மெயிலுக்கு குரூப் தன்னோட அட்ரஸையே அனுப்பற இடத்துல போட்டு, பேருக்குப் பக்கத்துல 'வயா'ன்னு காட்டும். 2014 ஏப்ரல்ல யாஹூ இந்த ரூலை ரிஜெக்ட்னு மாத்தினப்ப உலகம் பூரா மெயிலிங் லிஸ்ட் எல்லாம் தடுமாறுச்சு, அதுக்கப்புறம் தான் இந்த 'வயா' பழக்கம் பரவலா வந்துச்சு. சப்ஜெக்ட் முன்னாடி குரூப் பேரை அடைப்புக்குள்ள சேக்கறது, கீழ ஃபுட்டர் சேக்கறது இதெல்லாம் செஞ்சா மெயில் வழில மாறலைன்னு காட்டற டிகிம்ங்கற டிஜிட்டல் கையெழுத்தும் உடைஞ்சிடும், அதனால ரெண்டையும் எடுத்துட்டோம், மெயிலைப் பிரிக்கணும்னா குரூப் ஐடி வச்சு ஃபில்டர் போட்டு லேபிள் ஒட்டிக்கலாம், அதே வேலை ஆகுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். சாதா குரூப்ங்கறது வர்ற மெயிலை எல்லாருக்கும் ஒரு காப்பி குடுக்கும், அவ்வளவு தான், யார் பதில் சொன்னாங்கன்னு அதுக்குத் தெரியாது. சேல்ஸ் ஐடிக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு என்கொயரி வந்துச்சு, ஒரு பையன் மூணு வாரத்துல டெலிவரினு தனியா ரிப்ளை போட்டுட்டான், அத பாக்காம இன்னொரு பொண்ணு அஞ்சு வாரம்னு வேற ரேட்டோட கோட்டேஷன் அனுப்பிடுச்சு. கஸ்டமர் ரெண்டையும் சேத்து ஃபார்வர்ட் பண்ணி எதை எடுத்துக்கறதுன்னு கேக்கறாரு. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, அவங்களுக்கு வசதியே அப்படித்தான் பண்ணிக் குடுத்திருக்கு. இதைவிட மோசம் யாருமே பதில் போடாதது, எல்லாரும் வேற யாரோ பாத்துப்பாங்கன்னு விட்டுடுவாங்க.

அதனால பதில் கேக்கற மெயில் வர்ற சேல்ஸ், சர்வீஸ் ரெண்டையும் கொலாபரேட்டிவ் இன்பாக்ஸா மாத்தினோம். அதே குரூப் தான், வர்ற மெயிலை குரூப்லயே சேத்து வைக்கற கன்வர்சேஷன் ஹிஸ்டரியை ஆன் பண்ணி அந்த வசதியை எனேபிள் பண்ணா ஒவ்வொரு மெயிலையும் ஒரு ஆள் பேர்ல அசைன் பண்ணலாம், முடிஞ்சா முடிஞ்சதுன்னு மார்க் பண்ணலாம். குறை என்னன்னா இதெல்லாம் கூகுள் குரூப்ஸ் வெப்சைட்டுக்குள்ள போய் பண்ணணும், ஜிமெயில் ஆப்புக்குள்ள வராது, ஃபீல்ட்ல சுத்தற சேல்ஸ் பசங்க போன்லயே எல்லாம் பாக்கறவங்க, அவங்கள அங்க போக வைக்கறது பெரிய பாடு. இப்போ ஆபீஸ்ல இருக்கற ஒரு பொண்ணு தான் வர்றதை எல்லாம் பிரிச்சு அசைன் பண்ணுது, அதுக்கப்புறம் ரெட்டை கோட்டேஷன் நின்னு போச்சு. அவுட்லுக்ல இருக்கற என் ஃப்ரெண்ட் ஆபீஸ்ல இதுக்கு ஷேர்டு மெயில்பாக்ஸ், அதாவது பல பேர் சேந்து பாக்கற ஒரே மெயில்பாக்ஸ், வச்சிருக்காங்க, 50 ஜிபி வரைக்கும் லைசென்ஸ் இல்லாமலே ஓடும், ஆனா அதுல இருந்து அனுப்பற மெயில் டீஃபால்ட்டா அனுப்பின ஆளோட சென்ட் ஃபோல்டருக்கு தான் போகும், பொது மெயில்பாக்ஸ்லயும் ஒரு காப்பி நிக்கணும்னா அட்மின் அதுக்கான செட்டிங்கை ஆன் பண்ணணும், அத பண்ணாம விட்டா மறுபடியும் யார் என்ன சொன்னாங்கன்னு தெரியாது.

ரிப்ளை ஆல் பத்தி சொல்லியே ஆகணும். ஆயுத பூஜைக்கு பூஜை டைம், லீவு விவரம்னு ஆல் ஸ்டாஃபுக்கு மெயில் போனா கீழ வரிசையா வாழ்த்து மழை, அதுக்கு நடுவுல லாரி டைம் மாத்தின மெயில் கீழ போய் டிஸ்பாட்ச்ல யாருமே பாக்கல. வாழ்த்து சொல்றது நல்ல மனசு தான், இடம் தான் வேற வேணும். மைக்ரோசாஃப்ட்லயே 1997ல பெட்லம் டிஎல்3னு ஒரு லிஸ்ட், அதுல சுமார் 13,000 பேர், என்னை எடுத்துடுங்கன்னு ஒவ்வொருத்தரும் ரிப்ளை ஆல் போட்டே சர்வர் திணறிப்போன கதை பிரபலம். அவங்க 2020ல ரிப்ளை ஆல் புயலைத் தடுக்கற வசதியே கொண்டு வந்தாங்க, ஆனா அது ஆயிரக்கணக்கான பேர் இருக்கற லிஸ்ட்டை மனசுல வச்சுப் பண்ணது. சின்ன ஆபீஸுக்கு சிம்பிளா, ஆல் ஸ்டாஃபுக்கு மூணே பேர் தான் போஸ்ட் பண்ண முடியும், பதில் அனுப்பினவருக்கு மட்டும் போகும்னு வச்சாச்சு.

கடைசியா மெம்பர் லிஸ்ட். வேலையை விட்டுப் போனவங்களோட கம்பெனி ஐடியை டெலீட் பண்ணா குரூப்ல இருந்தும் தானா போயிடும். ஆனா ஷாப்ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணன்களுக்கு கம்பெனி ஐடி கிடையாது, அவங்க சொந்த ஜிமெயிலைத் தான் குரூப்ல போட்டிருந்தோம். அவங்க வேற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாலும் நம்ம டிஸ்பாட்ச் பிளான் தினமும் அவங்க போனுக்குப் போயிட்டே இருக்கும், கைல எடுத்தாத்தான் போகும். அதே மாதிரி குரூப்புக்குள்ள குரூப். எங்க ஆடிட்டர் ஆபீஸ் ஐடி அக்கவுண்ட்ஸ் குரூப்ல இருந்துச்சு, அக்கவுண்ட்ஸ் குரூப் ஆல் ஸ்டாஃப்ல ஒரு மெம்பர், அப்ப ஆல் ஸ்டாஃபுக்கு போற உள் விஷயம் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸுக்கும் போகும். மேல இருந்து பாத்தா ஆல் ஸ்டாஃப் லிஸ்ட்ல அக்கவுண்ட்ஸ்னு ஒரு வரி தான் தெரியும், உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. இப்ப வெளி ஆளுங்களுக்கு தனி குரூப், அது வேற எதுக்குள்ளயும் போகாது. எக்ஸிட் ஃபார்ம்ல ஐடி கார்டு, லாக்கர் சாவிக்கு கீழ குரூப் மெயில்னு ஒரு வரி சேத்திருக்கோம், ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு ஓனர், மூணு மாசத்துக்கு ஒரு தடவை மெம்பர் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து அவங்க கையெழுத்து போடணும். ஓனர் ரெண்டு பேரா வைங்க, ஒருத்தர் லீவுல இருந்தா இன்னொருத்தர்.

சர்வீஸ் ஐடியை மட்டும், வர்ற ஒவ்வொரு மெயிலுக்கும் நம்பர் போட்டு டிராக் பண்ற டிக்கெட் டூலுக்கு மாத்தலாமான்னு எம்டி சார் கேட்டுட்டு இருக்காரு. வர்ற மெயில் இன்னும் ஒரு ஆள் பிரிச்சுக் குடுக்கற அளவுல தான் இருக்கு, அதனால இப்போதைக்கு வேண்டாம் சார், அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.