ஏப்ரனா, ஹவுஸ்கோட்டா?

துணிகளைக் கையால் துவைத்த காலத்தில், நல்ல உடையில் அழுக்குப் படாமல் காப்பதற்கென்றே இரண்டு வீட்டு உடைகள் இருந்தன: கழுத்தில் மாட்டி இடுப்பில் முடிச்சிடும் ஏப்ரன், உடல் முழுவதையும் மூடி முன்பக்கம் பொத்தானிடும் ஹவுஸ்கோட். துவைக்கும் இயந்திரமும் மலிவான ஆடைகளும் பரவியபின் பல வீடுகளில் இரண்டுமே வழக்கொழிந்துவிட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஒட்டடை அடிக்கும்போது தூசி தோளிலும் முதுகிலும் விழுவதால், அந்த வேலைக்கு ஹவுஸ்கோட்டே மேல். அடுப்பருகே நிலைமை வேறு. ஹவுஸ்கோட்டின் தளர்ந்த நீண்ட கைப்பகுதியில் தீப்பற்றும் ஆபத்து உண்டு. எண்ணெய் பெரும்பாலும் மார்பிலும் வயிற்றிலும் தெறிப்பதால் பருத்தி ஏப்ரனே போதுமானது.

ஏப்ரனின் முன்பையை மறக்கவே முடியாது. துணி மாட்டும் கிளிப்புகள், நூற்கண்டு, தரையில் கிடந்த சட்டைப் பொத்தான் என எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். கை துடைக்கவும், சூடான பாத்திரத்தை இறக்கவும் அதன் ஓரமே உதவியது (ஈரத்துணி வெப்பத்தைச் சட்டென்று கடத்திவிடும் என்பதால், ஓரம் உலர்ந்திருப்பது அவசியம்).

ஏப்ரனைத் துவைப்பதும் எளிது, விரைவில் உலர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மீட்டெடுக்கலாம் என்றால் நான் தயங்காமல் ஏப்ரனையே தேர்ந்தெடுப்பேன். குளிர்காலையில் கதகதப்பை நாடுவோருக்கு ஹவுஸ்கோட் பொருந்தும்.