பழைய இந்திய உரைநூலா, உள்ளூர் விளக்கப் பதிப்பா?

வழக்கறிஞராவதற்கு முன் ஒரு சீனியரிடம் பெறும் பயிற்சியான சேம்பரிங் தொடங்கிய வாரமே, சீனியர் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கான தம்முடைய பழைய உரைநூலை, தடித்தடியாக இரண்டு தொகுதி, என் மேசையில் வைத்துவிட்டு கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிட்டார். காசில்லாமல் வந்த புத்தகம். இருந்தும் அடுத்த மாதமே கைக்காசு போட்டு நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் உள்ளூர் விளக்கப் பதிப்பை வாங்கினேன்.

இந்திய நூல் மட்டம் என்று சொல்ல மாட்டேன். நம் சட்டத்தின் தாய் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம்தான். செக்‌ஷன் 24 சொல்லும் ‘நேர்மையற்ற’ நோக்கம் என்றால் என்ன என்று பார்த்தால், இந்திய நூலில் பக்கம் பக்கமாகத் தீர்ப்புகள் வரும். உள்ளூர்ப் பதிப்பு அரைப் பக்கத்தில் முடித்துவிடும். இந்தியத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு வலு சேர்க்கும், அவ்வளவுதான். இது எல்லாருக்கும் தெரிந்ததே.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: புத்தகத்தின் வயது. ஒரு கொலை வழக்குக்குக் குறிப்பு எழுதும்போது நூலகத்திலிருந்த பழைய உள்ளூர்ப் பதிப்பைப் பார்த்து, செக்‌ஷன் 302க்குக் கட்டாய மரண தண்டனை என்று எழுதிவிட்டேன். சீனியர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். “தம்பி, இது எந்த வருஷத்துப் புத்தகம்?” 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. எது என்பதை நீதிபதி முடிவு செய்வார். போதைப்பொருள் வழக்கிலும் இதே கதைதான். செக்‌ஷன் 37ஏ (ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தில் ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்க விட்ட பிரிவு) செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் அது இன்னும் உயிரோடு இருக்கும்.

உள்ளூர் நூலும் பழசாகும்தான். ஆனால் அதற்குப் புதிய பதிப்பு வாங்கலாம். இந்திய நூலுக்கு அந்த வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2024 ஜூலை 1 முதல் அங்கே பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டது; கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போய்விட்டது. ஏமாற்றுக்காரனை நாம் ‘ஃபோர் ட்வெண்டி’ என்று திட்டுகிறோமே, அந்த 420 அங்கே 318க்குள் போய்விட்டது, இங்கே 420ஆகவே இருக்கிறது. புதிய பதிப்பை வாங்கினால் ஒவ்வொரு எண்ணையும் பழையதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பழையதையே வைத்துக்கொண்டால் அது இனி வளராது.

சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் தரவுத்தளமும் உண்டு. ஒரு தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டதா என்று நொடியில் காட்டும். பில் கட்டுவது அலுவலகம் என்பதால் அது காசுக்குத் தகுமா என்று நான் சொல்வது சரியாக இருக்காது. இரண்டு நூலில் எதைத் திறந்தாலும், கிடைத்த தீர்ப்பை அந்தத் தரவுத்தளத்தில் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் குறிப்பில் எழுதுவதில்லை.

அந்த இரண்டு தொகுதிகளைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. போன வாரம்கூட செக்‌ஷன் 300இல் (எது கொலை என்று சொல்லும் பிரிவு) திடீர்ச் சண்டை பற்றிய விலக்குக்காக அதைத்தான் புரட்டினேன்.