வெள்ளியங்கிரி ஏறிய காலும் இங்கிலாந்துச் சேறும்: ராம்ப்ளர்ஸ் நடைக்குழு எப்படி?

கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கமிருந்து படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து போகிறவர்கள் நாட்டுப்புறம் சுற்ற நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது ராம்ப்ளர்ஸ் சங்கம். 1935-இல் தொடங்கியது. பல ஊர்களில் கிளை உண்டு. வழிநடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். மூன்று நடை வரை காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பிறகு சந்தா கட்டிக்கொள்ளலாம்.

தடத்தைப் பார்த்தால் நம்ம இட்டேரி ஞாபகம்தான் வரும். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் நடை. கிளுவைக்குப் பதில் ஹாதார்ன் முள், அவ்வளவுதான். ஆனால் அங்கே தடம் வேலி தாண்டி அடுத்தவர் காட்டுக்குள்ளேயே போகும், அதுவும் சட்டப்படி. வழிகாட்டும் குறியில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. உழுது போட்ட காட்டில் தடமே கண்ணுக்குத் தெரியாது. வழி தெரிந்த ஆளோடு போவதன் அருமை அங்கேதான் புரியும். கடவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்று பார்த்து, இருந்தபடியே விட்டுவிட்டு வர வேண்டும். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே புகக்கூடாது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

'ஏழு மலை ஏறினவனுக்கு இதென்ன?' என்று எடுத்த எடுப்பிலேயே 'ஸ்ட்ரெனுவஸ்' (கடினம்) என்று தரம் போட்ட நடைக்குப் பெயர் கொடுப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றி, மூச்சு வாங்கும்போதெல்லாம் உட்காரலாம். இங்கே குழுவின் வேகம்தான் நம் வேகம். முதல் தடவை 'லீஷர்லி' (நிதானம்), அது சுலபமாக இருந்தால் 'மாடரேட்' (நடுத்தரம்). தூரம் பெரும்பாலும் மைலில் இருக்கும், கவனம்: 10 என்றால் 16 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம், சாப்பாடு, ஏற்றம், வேலியைத் தாண்டும் மரப்படிகளில் வரிசை நிற்பது எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

உடுப்பு விஷயம் திருப்பூர்க்காரர்களுக்குக் கசக்கும்: பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையையும் மழையையும் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டும். சாப்பிட உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நடுக்கம் எடுக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற குளிர்ச்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். கால்சட்டைக்கும் மழை உறை வாங்குங்கள். ஜாக்கெட்டில் வழிகிற தண்ணீர் முழுக்கத் தொடையில்தான் இறங்கும். சேறு கணுக்கால் வரை வரும், ஓட்டப்பயிற்சி ஷூ வழுக்கும். ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடிப்பாகமுள்ள பூட்ஸை வாங்கி, இரண்டு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிவிட்டுப் போனால் குதிகால் கொப்புளிக்காது. கோடையில் ஃபெர்ன் செடிப் புதர்களில் உண்ணி இருக்கும். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் தேடுங்கள்.

கட்டுச்சோறு நம் பொறுப்பு. அரிசியும்பருப்புஞ்சோறு ஆறினால் கட்டியாகிவிடும், அகலவாய் ஃபிளாஸ்க் வேண்டும். புளிச்சோறு எதிலும் தாங்கும். தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

புறப்படும் இடத்துக்குப் போஸ்ட்கோடை நம்பாதீர்கள். நாட்டுப்புறத்தில் ஒரே போஸ்ட்கோடு பல பண்ணைகளைச் சேர்த்துப் பிடிக்கும். நடை அறிவிப்பில் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் உள்ள கிரிட் எண் (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கட்ட எண்) இருக்கும். அது நூறு மீட்டர் சதுரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வழியில் ஒதுங்க வேண்டுமென்றால் கடைசியில் வருகிற ஆளிடம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். சொல்லாமல் போனால் தலையெண்ணும்போது ஒன்று குறையும்.

குறை என்று பார்த்தால், கார் இல்லாதவர்களுக்குப் பாதி நடைகள் எட்டாது. ஞாயிறு பஸ் பல ஊர்களில் பேருக்குத்தான். வாரநாள் நடைகளில் ஓய்வு பெற்றவர்களே அதிகம் (வேகத்தில் இளசுகளைத் தோற்கடிப்பார்கள், அது வேறு). இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கென்று தனிக் குழுக்கள் பெரிய நகரங்களில் உண்டு. இருந்தால் அதில் தொடங்குவது நல்லது.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதே சங்கத்தின் 'வெல்பீயிங் வாக்ஸ்' போதும். 10 முதல் 90 நிமிடம், காசில்லை, உறுப்பினராகவும் வேண்டாம். செருப்போடு மட்டும் அனுப்பாதீர்கள்.