ரூட் கெனால் முடிந்தும் வலி நிற்கவில்லையா? மாத்திரைச் சீட்டோடு திரும்பாதீர்கள்

வலி தீரும் என்று பணம் கட்டி வேர் சிகிச்சை செய்துகொள்கிறோம். அதன்பிறகும் வலிக்கிறதென்று போனால் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக், மறுபடி போனால் இன்னொரு வாரம். இப்படி மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் பல்லையே இழப்பவர்கள் இருக்கிறார்கள். வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய்தான் கால்வாய். நரம்பு எடுத்த கால்வாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே தங்கிய கிருமியிடம் மாத்திரை போய்ச் சேராது.

முதல் இரண்டு மூன்று நாள் வலி இயல்பு. கடித்தால் வலிப்பது ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமலே இருந்தாலோ, நின்ற வலி திரும்ப வந்தாலோ ‘போகப் போகச் சரியாகும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கடிக்கும்போது மட்டும் சுரீரென்றால் ஃபில்லிங் உயரமாக இருக்கலாம். நிறத்தாளைக் கடிக்கவைத்து, அழுத்தமாகப் பதிந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. சில நிமிட வேலை. இதைக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது அலட்சியம்.

நீடிக்கும் வலிக்கு முக்கியமான காரணம், விட்டுப்போன கால்வாய். மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று. கால்வாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது நூல்போல் மெல்லியது. நுண்ணோக்கியோ உருப்பெருக்குக் கண்ணாடியோ இல்லாமல் அவசரமாகச் செய்தால் தப்பிவிடும். கீழ் முன்பற்களிலும் சிலருக்கு இரண்டு கால்வாய் உண்டு.

அதனால் வேரை அடைத்து முடித்தபின் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். கால்வாயை அடைத்த பொருள் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இடைவெளியின்றி இறங்கி, வேர்நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் முடிய வேண்டும். அதற்கு முன்பே நின்றிருந்தால் அடியில் சுத்தம் செய்யாத பகுதி இருக்கக்கூடும். நுனியைத் தாண்டியிருந்தால் சுற்றியுள்ள திசு உறுத்தலுக்கு உள்ளாகலாம். கோடு வேரின் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் பக்கத்தில் இன்னொரு கால்வாய் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் கால்வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று மறையும். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் தனித்தனியாகத் தெரியும். முடித்த பிறகு எக்ஸ்ரேயே எடுக்கவில்லை என்றால், அதுவே வேலையின் தரத்தைச் சொல்லிவிடும்.

கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவியான ஃபைல் உள்ளே உடைந்ததா, எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போட்டார்களா என்றும் நேராகக் கேளுங்கள். கவனமாகச் செய்பவர் கையிலும் ஃபைல் உடையும். ஆனால் அதை நோயாளியிடம் மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ரப்பர் டேம் இல்லாவிட்டால் எச்சிலோடு கிருமி உள்ளே இறங்கும். தற்காலிக ஃபில்லிங்கோடு மாதக்கணக்கில் விட்டாலும் கசிந்து அதே கதிதான். வலி இருக்கும்போதே நிரந்தர கேப்பை ஒட்ட அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். பிறகு பல்லைத் திரும்பத் திறக்க அந்தக் கேப்பையே துளைக்க வேண்டிவரும்.

மறுசிகிச்சைக்குப் பணம் கட்டும்முன், முடிந்தால் வேர் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பற்களையும் குளிர் வைத்தும் தட்டியும் சோதிக்கச் சொல்லுங்கள். குளிருக்குக் கூசுவது பெரும்பாலும் வேறு பல்லாக இருக்கும். ஈறை அளக்கும்போது ஒரே இடத்தில் மட்டும் குறுகலாக ஆழம் போனால் வேர் நெடுக வெடித்திருக்கலாம். அது உறுதியானால் மறுசிகிச்சை வீண் செலவு, அந்த வேர் தங்காது. மின்சாரம் பாய்வதுபோல் நொடிப்பொழுதில் வந்து போகும் வலி பல்லுடையதாகவே இல்லாமல், முக நரம்பிலிருந்து வரக்கூடும்.

தாடைக்குக் கீழ் வீக்கம் பரவுதல், வாய் திறக்க முடியாமை, காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.