ஹானிஸ்டரா, வின்னட்ஸா, பட்டர்டப்ஸா: வட இங்கிலாந்தின் மூன்று சைக்கிள் சுற்றுகள்

இங்கிலாந்தின் மலைநாட்டில் சைக்கிள் ஓட்ட ஒரே ஒரு நாள்தான் வாய்க்கிறது என்றால், பெரும்பாலானோருக்குப் பீக் டிஸ்ட்ரிக்ட், லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்போது பலரும் முதலில் தேடிப் பார்ப்பது, எந்த ஏற்றம் எத்தனை விழுக்காடு செங்குத்து (25 விழுக்காடு என்றால் 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 25 மீட்டர் உயர்வு) என்பதையே. அந்த ஒற்றை எண்ணை நம்பிப் புறப்படுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. செங்குத்தான பகுதி பயணத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது, அதைத் தாண்டியபின் கால் இளைப்பாற இடமிருக்கிறதா, இறக்கத்தில் சாலை எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சுற்றின் உண்மையான குணம் புலப்படும்.

இப்பகுதிகளின் பல மலைச்சாலைகள் பழைய பொதிக்குதிரைத் தடங்களின் மேல் அமைந்தவை. மலையை வளைத்து வளைத்துச் சுற்றாமல், அவை ஏறக்குறைய நேராகவே மேலேறுகின்றன. ஆகையால் ஏற்றங்கள் நீளத்தில் குறைந்தும் செங்குத்தில் மிகுந்தும் இருக்கும். பிரிட்டனின் தேசிய நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலையின் குறுக்கே ஒற்றை அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 விழுக்காடு வரை சாய்வு. இரட்டை அம்புக்குறி இருந்தால் 20 விழுக்காட்டுக்கு மேல். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், 25 விழுக்காட்டுச் சாய்வில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்வதற்கே ஏறத்தாழ 280 வாட் ஆற்றல் வேண்டும். முன்பற்சக்கரத்தில் 34 பல், பின்பற்சக்கரத்தில் 34 பல் என்ற எளிய கியரிலும் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 40 முறைதான் சுற்றும். அதற்கும் கீழே போனால் வண்டி தள்ளாடத் தொடங்கிவிடும்.

லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு நாளுக்கு நான் பரிந்துரைப்பது கெசிக் நகரிலிருந்து புறப்பட்டு, பாரோடேல் பள்ளத்தாக்கு வழியாக ஹானிஸ்டர் கணவாயில் ஏறி, பட்டர்மியரில் இறங்கி, நியூலண்ட்ஸ் கணவாய் வழியாகத் திரும்பும் சுற்று. மொத்தம் சுமார் 34 கிலோமீட்டர்தான். ஆனால் சீட்டாலர் சிற்றூரின் கடைசி வீட்டைத் தாண்டியதுமே சாலை 25 விழுக்காட்டுக்கு நிமிர்ந்துவிடுகிறது. கால் சூடேற அவகாசமே கிடைப்பதில்லை. இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால், ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடி தவறிச் சுழலும். உட்கார்ந்தே மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். இருக்கையின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்துவதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள வழி. 356 மீட்டர் உயரத்தில், கணவாயின் உச்சியில் ஒரு ஸ்லேட் (பலகைக்கல்) சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து பட்டர்மியர் நோக்கி இறங்கும்போது குறுகிய சாலையில் ஆடுகள் படுத்திருப்பது வழக்கம். ஏறுவதைவிட அந்த இறக்கத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். நியூலண்ட்ஸ் கணவாய் நீளத்தில் குறைவு என்றாலும், அதன் கடைசித் திருப்பம் மீண்டும் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டே உச்சியை அடைந்தால் பக்கத்திலேயே மாஸ் ஃபோர்ஸ் அருவி கொட்டிக்கொண்டிருக்கும்.

இதே வட்டாரத்தின் பெரிய சோதனை, ஆண்டுதோறும் நடக்கும் ஃபிரெட் விட்டன் சேலஞ்ச் என்ற நெடுந்தூரச் சைக்கிள் நிகழ்வின் பாதை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் கிர்க்ஸ்டோன், ஹானிஸ்டர், நியூலண்ட்ஸ், வின்லேட்டர் எல்லாவற்றையும் முடித்து, 155 கிலோமீட்டரைக் கடந்த பிறகே ஹார்ட்நாட் கணவாய் எதிரே வந்து நிற்கும். அதன் சாய்வு இடையிடையே 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. புத்துணர்ச்சியோடு காலையில் ஏறினால் ஹார்ட்நாட் கடினமான ஏற்றம், அவ்வளவே. ஏழெட்டு மணி நேரம் மிதித்துக் களைத்த காலுக்கு அது முற்றிலும் வேறொரு மலை. வண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர்களை அங்கே நிறையக் காணலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதை ஏறி இறங்கியதும் ரைனோஸ் கணவாய் அடுத்துக் காத்திருக்கிறது. விழுக்காட்டை மட்டும் பார்த்துத் திட்டமிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சீட்டாலருக்கு மிக அருகிலுள்ள சீத்வெயிட், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடம். இங்கிலாந்தில் மக்கள் வாழும் ஊர்களிலேயே அதிக மழை அங்கேதான். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியோடு ஈர நாளில் ஹானிஸ்டரில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சக்கர மையத்திலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இல்லாதவர்கள் வேறு வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பீக் டிஸ்ட்ரிக்டின் பெரிய பலம், அதை எளிதில் சென்றடையலாம் என்பது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயில் ஹோப், ஈடேல் நிலையங்களில் நிற்பதால், கார் இல்லாதவர்களும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஹோப் நிலையத்திலிருந்து காஸ்டில்டன், வின்னட்ஸ் கணவாய், மாம் நிக், ஈடேல் என்று சுற்றி வந்தால் 20 கிலோமீட்டர்கூட ஆகாது. சுண்ணாம்புப் பாறைகள் இருபுறமும் சுவராக எழுந்து நிற்கும் வின்னட்ஸ், 20 விழுக்காட்டைத் தொடும் அருமையான ஏற்றம். 2021இல் பிரிட்டனின் தேசிய சைக்கிள் மலையேற்றப் போட்டி அங்கேதான் நடந்தது. ஆனால் மாம் டோர் மலைச்சரிவில் சென்ற பிரதான சாலை நிலச்சரிவால் 1979இல் மூடப்பட்டதிலிருந்து, கார்களும் இந்தக் குறுகிய கணவாயைத்தான் நம்பியிருக்கின்றன. ஞாயிறு நண்பகலில் பின்னால் கார் வரிசை உறுமிக்கொண்டிருக்க, 20 விழுக்காட்டுச் சாய்வில் நேர்கோட்டில் மிதிப்பது மனத்தை மிகவும் களைக்கச் செய்யும். காலை எட்டு மணிக்கு முன் ஏறிவிட முடியுமானால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றில் என் தேர்வு யார்க்‌ஷயர் டேல்ஸ்தான். 2014ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் கட்டம் லீட்ஸிலிருந்து ஹாரோகேட் வரை சென்றபோது கடந்த பட்டர்டப்ஸ் கணவாயும் கிரின்டன் மூர் என்ற மேட்டுப் புல்வெளியும் இணையும் சுற்று இது. ஹாஸ் ஊரிலிருந்து தொடங்கி அதே ஊருக்குத் திரும்பினால் சுமார் 65 கிலோமீட்டர். 526 மீட்டர் உயரமுள்ள பட்டர்டப்ஸ், ஹானிஸ்டரைவிட உயர்ந்தது. ஆனாலும் அதன் சாய்வு ஒரேயடியாக நிமிராமல் கூடியும் தணிந்தும் வருவதால், கியரை மாற்றி மாற்றி ஒரு சீரான தாளத்தில் ஏறலாம். உச்சிக்கு அருகில் சாலையோரமே ஆழமான சுண்ணாம்புப் பாறைக் குழிகள் உள்ளன. ஹாஸ் சந்தைக்கு வெண்ணெய் கொண்டு சென்ற உழவர்கள் வழியில் தங்கியபோது, அது உருகாமலிருக்க இக்குழிகளில் இறக்கி வைத்தார்கள் என்றும், அதனாலேயே பட்டர்டப்ஸ் (வெண்ணெய்த் தொட்டிகள்) என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்வேல் ஆற்றை ஒட்டி, கல்சுவர்களும் வைக்கோல் கொட்டகைகளும் நிறைந்த சமவெளிச் சாலை நெடுந்தூரம் ஓடுகிறது. கால் அங்கே முழுதாக இளைப்பாறிவிடுவதால் இரண்டாவது ஏற்றத்தையும் ரசித்தபடி ஏற முடிகிறது. லேக் டிஸ்ட்ரிக்டில் எனக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

இதற்கும் குறைகள் உண்டு. ரயிலில் வந்தால் கார்ஸ்டேல் நிலையத்தில் இறங்கி, ஹாஸுக்கு மேலும் 10 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். மேட்டுப் புல்வெளியில் காற்றுக்கு மறைப்பே இல்லை. மழை வெள்ளத்துக்கும் சாலைகள் விலக்கல்ல: 2019 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் சாலைப் பந்தயத்தில் இந்த இரண்டு ஏற்றங்களையுமே கைவிட நேர்ந்தது.

காற்றுதான் சுற்றின் திசையையும் முடிவு செய்ய வேண்டும். டூர் வீரர்களைப் பின்பற்றி முதலில் பட்டர்டப்ஸில் ஏறினால், கடைசி 25 கிலோமீட்டர் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் மேற்கு நோக்கி, பெரும்பாலான நாட்களில் எதிர்காற்றிலேயே ஓட்ட வேண்டிவரும். ஆகவே நான் தலைகீழாகச் செல்கிறேன். பின்காற்றோடு ஆஸ்கிரிக், ரெட்மயர் வரை விரைந்துவிட்டு, கிரின்டன் மூரைத் தாண்டி, ஸ்வேல் ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கான ஸ்வேல்டேலின் சுவர் மறைவில் எதிர்காற்றைச் சமாளித்து, த்வெயிட் பக்கமிருந்து பட்டர்டப்ஸில் ஏறினால், அதன்பின் மிதிக்கவேண்டியது அதிகமில்லை. சாலை ஹாஸை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும்.