கில்ட்டோடு எதைப் போடுவது, எதை விடுவது?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற மடிப்புப் பாவாடைதான் கில்ட். அதை எடுப்பதில் பெரிய குழப்பம் இல்லை, பிடித்த டார்ட்டன் கட்டத்தைக் காட்டினால் கடைக்காரரே இடுப்பளவு எடுத்துக் கொடுத்துவிடுவார். குழப்பமெல்லாம் அதோடு கட்டுகிற, செருகுகிற சாமான்களில்தான். ஸ்காட்லாந்தில் ஒரு நண்பன் கல்யாணத்துக்கு முதல் தடவை போனபோது, வாடகைக் கடையில் பையில் போட்டுக் கொடுத்ததையெல்லாம் அப்படியே மாட்டிக்கொண்டேன். பளீர் வெள்ளையில் நீளச் சாக்ஸ், தொடை வரை இறங்கித் தொங்குகிற ரோமப் பை, ஆடுசதை முழுக்கச் சுற்றிய ஷூ லேஸ். போட்டோவில் பேக்பைப் கோஷ்டியிலிருந்து வழிதவறி வந்தவன் மாதிரி நிற்கிறேன்.

முதலில் ஸ்போரன், ஏனென்றால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். 8 கஜம் கம்பளியை மடித்து மடித்துத் தைக்கிற உடையில் ஒரு பாக்கெட் கூடக் கிடையாது. நம் வேட்டி என்றால் மடியில் சுருட்டிச் செருகிவிடலாம், இங்கே இடுப்பைச் சுற்றிக் கட்டி முன்னால் தொங்கவிடுகிற இந்தப் பைதான் எல்லாம். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஸ்போரன் என்றாலே பணப்பைதான். பகலுக்கு வெறும் தோலில் செய்தது, மூன்று குஞ்சம் தொங்கும். ராத்திரி விருந்துக்கு ரோமத் தோலும் மேலே வெள்ளி நிற உலோக வளைவும் வைத்தது. இரண்டுக்கும் நடுவில் செமி டிரஸ் என்று ஒன்று, முன்பக்கம் ரோமம், மூடி மட்டும் தோல். பழமை விரும்பிகளைக் கேட்டால் அது இரண்டுங்கெட்டான் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஒன்றே ஒன்று வாங்கி மதியச் சடங்கிலிருந்து ராத்திரி ஆட்டம் வரை ஓட்டப்போகிறவருக்கு இரண்டுங்கெட்டான்தான் வசதி.

என்னைக் கேட்டால் தோல்தான். ட்வீட் ஜாக்கெட், ஆர்கைல் ஜாக்கெட், ஏன், வெறும் ஸ்வெட்டரோடு கூட அது பொருந்தும், மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம். ரோமம் நனைந்தால் வீட்டு நாயைக் குளிப்பாட்டிய மாதிரி ஆகிவிடும். பிரின்ஸ் சார்லி என்கிற ராத்திரி விருந்து ஜாக்கெட்டும் போ டையும் போட்டே ஆகவேண்டிய விருந்து வந்தால் அன்றைக்கு மட்டும் ரோமத்தை வாடகைக்கு எடுங்கள். முழங்கால் வரை தொங்கும் குதிரைமுடி ஸ்போரன் ராணுவக்காரர்களுக்கும் பைப் வாசிப்பவர்களுக்கும் உரியது, விருந்தாளிக்கு வேண்டாம். அப்புறம், யாராவது தாத்தா காலத்து சீல் (கடல்நாய்) தோல் ஸ்போரனை மலிவாகத் தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருட்களின் விற்பனைக்கு 2009-லேயே கடிவாளம் போட்டுவிட்டது, அமெரிக்காவோ 1972-ல் வந்த சட்டப்படி பொதுவாக உள்ளே கொண்டுவர விடாது.

வாங்கும்போது பையை மட்டும் பார்க்காமல் பின்னால் போகிற வாரையும் பாருங்கள். முழுச் சங்கிலி பளபளக்கும்தான், ஆனால் நடக்க நடக்கப் பின்பக்க மடிப்புகளை அரைத்துக் கம்பளியைத் தேய்த்துவிடும். முன்னால் மட்டும் கொஞ்சம் சங்கிலி, பின்னால் தோல் என்று வருகிற வார் எவ்வளவோ மேல். பெல்ட் பக்கிளுக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை இடம் விட்டு ஸ்போரன் நிற்கவேண்டும். கெய்லி என்கிற ஸ்காட்லாந்துக் கூட்டு ஆட்டத்துக்கு இறங்குமுன் அதை இடுப்போரமாகத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குதிப்புக்கும் எங்கே வந்து அடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஷூவில் கில்லி ப்ரோகா, சாதாரண கறுப்பு ப்ரோகா? ப்ரோக் என்பது மேலே சின்னச் சின்ன ஓட்டை அலங்காரம் போட்ட தோல் ஷூ. கில்லி ப்ரோகில் நாக்கு இருக்காது, நீள லேஸை முன்னால் முறுக்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றிக் கட்டி, குஞ்சத்தைத் தொங்கவிட வேண்டும். பார்க்க அழகு, ஆட்டத்துக்கு நடுவே இரண்டு தடவையாவது அவிழும். அலமாரியில் நல்ல கறுப்பு ப்ரோக் இருந்தால் அதையே போடுங்கள், பகல் நிகழ்ச்சியில் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சாக்ஸ் வெள்ளையில் வேண்டவே வேண்டாம், வாடகை உடுப்பு என்று அது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். டார்ட்டனில் உள்ள ஏதாவது ஒரு அடர் நிறமோ சாம்பலோ எடுங்கள், ராத்திரிக்கு வேண்டுமானால் க்ரீம். அது கீழே இறங்காமலிருக்க எலாஸ்டிக்கில் துணி நாக்கு வைத்த ஃப்ளாஷ் ஒரு வழி, நெய்த பட்டையை முடிச்சுப் போடுகிற கார்ட்டர் இன்னொரு வழி. கார்ட்டர் கட்டப் பழக இரண்டு மூன்று நாள் பிடிக்கும், பழகிவிட்டால் எலாஸ்டிக் பக்கமே போகமாட்டீர்கள், காலில் சிவப்புத் தழும்பும் விழாது.

வலது கால் சாக்ஸில் செருகுகிற சின்னக் கத்திதான் ஸ்கீன் டூ, இடதுகைக்காரர் என்றால் இடது காலில். கைப்பிடி மட்டும் வெளியே தெரியவேண்டும். எஃகு அலகு வைத்தது ஒன்று, அலகே இல்லாமல் கைப்பிடியோடு பிளாஸ்டிக் கட்டை மட்டும் வருவது ஒன்று. தேசிய உடையின் பகுதி என்பதால் நிஜக் கத்தியோடு நடமாட பிரிட்டன் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போக முடியாது, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற கல்யாண வீட்டில் உருவிக் காட்டவும் யாராவது கேட்பார்கள். நான் பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொண்டேன், வெளியே தெரிவது எப்படியும் கைப்பிடிதானே.

பெல்ட்டும் வெயிஸ்ட்கோட்டும் சேர்த்துப் போடாதீர்கள், ஏதாவது ஒன்று போதும்.

கில்ட்டில் குத்துகிற ஊக்கான கில்ட் பின் வாள் வடிவமா வேறு வடிவமா என்பது உங்கள் இஷ்டம். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிற இரண்டு துணியில் மேலே இருக்கிறதில் மட்டும் அதைக் குத்துங்கள். இரண்டு துணியையும் பிடித்து வைக்கத்தான் ஊக்கு என்று நான் நினைத்துச் சேர்த்துக் குத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோது சர்ரென்று சத்தம் கேட்டது. வாடகைக் கடையில் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.